பப்படத்தின் செவுள்

செப்டம்பர் 7, திங்கள். காலை 07:20
வீடு 3, தென்முனைக் குடியிருப்பு, நிலவு

பப்படம் மூன்று மண்புழு தின்றது. புட்டு இரண்டு. பயறு ஒன்றை வாயில் வாங்கித் துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதையே தின்றது. ஆதாரம்: கிடுக்கியைப் பிடித்திருந்தவள் நான்.

இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் இங்கே புதியவராக இருக்கலாம் என்பதால் அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஞானசெல்வி. நாகர்கோவில்காரி, உயிரியல் படித்தவள். குடியிருப்பில் பதினொரு வீடுகள் உண்டு. ஆள் இருப்பதும் காற்று விடுவதும் இந்த ஒன்றில் மட்டும். மற்றவர்கள் ஆகஸ்ட் கப்பலில் பூமிக்கு இறங்கிவிட்டார்கள். புதிய அணி வரும்வரை பயிர்க்கூடத்தையும் தண்ணீர் ஆலையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டது. தரைக் கட்டுப்பாட்டு அறையில் பணி மேலாளராக இருக்கும் ஜெபசிங் என் பெயரைப் பரிந்துரைத்தார். அவர் என் அக்கா ரூபியின் கணவர். அடுத்த கப்பல் அக்டோபர் 28 என்று சொல்லியிருக்கிறார்.

தொட்டி என்னுடையது அல்ல. தண்ணீர் ஆலையின் பொறியாளர் தெரசம்மாள் வளர்த்தது. உள்ளே மூன்று ஆக்சோலாட்கள்: பப்படம், புட்டு, பயறு. தண்ணீரிலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஒருவகைச் சாலமாண்டர்; பார்க்கப் பல்லி மாதிரி, உறவு தவளையோடு. இளஞ்சிவப்பு உடல், இமையில்லாத கண், தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாக இறகு போன்ற செவுள்கள். மென்று தின்னத் தெரியாது. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உணவை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் புழுவை அவற்றின் தலையின் அகலத்துக்கு மேல் நீளமில்லாமல் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிடுக்கியால் பிடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் லேசாக ஆட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும். பட்டினி போட்டால் ஒன்றின் காலை இன்னொன்று கடிக்கும். கால் மறுபடி முளைக்கும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. தின்னாமல் விட்ட துண்டை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். மண்புழுக்கள் சமையலறைக் கழிவுத் தொட்டியில் வளர்கின்றன.

தொட்டிக்கு எதிரே சிறிய கேமரா ஒன்று இருக்கிறது. உணவு தண்ணீரில் விழும்போது மட்டும் ஒரு படம் எடுக்கும். பயிர்க்கூடத்தின் வெப்பநிலையை வேளாண் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பும் மெல்லிய அலைவரிசையில் அந்தப் படமும் சேர்ந்து போகும், கல்லூரியிலிருந்து தெரசம்மாளுக்கு. அவரே பொருத்திக்கொண்டது. அவர் இப்போது புவியீர்ப்புக்குப் பழகும் மருத்துவமனையில் இருக்கிறார். அங்கே ஞாயிறு மதியம் மட்டும்தான் செல்போனைக் கையில் கொடுப்பார்கள்.

மற்றபடி என் பேச்சு எல்லாம் தரைக் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான். காலை ஆறு மணிக்குத் 'திருப்பிச் சொல்லல்'. கீழே இருப்பவர் வீட்டுக் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று படிப்பார்; பூமியில் போல இருபது புள்ளி ஒன்பது இருந்தால் சரி. மேலே இருப்பவர் சுவர்த் திரையைப் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வாரியம் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டுப் பதிவு செய்யும். முதல் குடும்பம் குடியேறிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். பல் தேய்த்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. திரையைப் பார்த்துச் சொன்னவர்கள் குறைவு. நானும் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இன்றைய பதிவு:
"ஆக்சிஜன் இருவது புள்ளி ஒம்பது. கேக்குதா ஞானம்?"
"இருபது புள்ளி ஒன்பது. சரி அத்தான்."
"ஒனக்க தண்ணிப் பல்லிகளுக்கு தீனி ஆச்சா? நீ பட்டினி கெடந்தாலும் அதுக கெடக்காதே."

செப்டம்பர் 14, திங்கள். 07:05

நேற்று தெரசம்மாளின் குரல் செய்தி வந்தது. அதே கல்லூரி வழியில் மேலே வரும். கீழே போவது படமும் வெப்பநிலை எண்களும் மட்டும்தான், அதனால் நான் பதில் பேச முடியாது. அவருக்கு அது வசதி.

"படம் கிட்டிச்சு மக்ளே. பப்படத்துக்க செவுளு என்ன இப்பிடி தேங்கா துருவிப் போட்ட மாதிரி கெடக்கு? நான் இருக்கும்ப அவளுக்கு இவ்வளவு முடி இல்லியே. ஒனக்க தலை எண்ணெய தேச்சு விட்டியா? எனக்குத் தெரியாம வைத்தியம் ஒண்ணும் பண்ணாத, கேட்டியா."

சிரித்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்றுக்குமே செவுள் அடர்ந்திருக்கிறது, பப்படத்துக்கு அதிகம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சோலாட் செவுள் வளர்த்துக்கொள்ளும். இது பாடப்புத்தகத்தில் உள்ளது. எனவே தொட்டியில் காற்றுக் குமிழ் விடும் பம்பைக் கழற்றித் துடைத்தேன். நன்றாக வேலை செய்கிறது. தண்ணீரில் பாதியை மாற்றினேன்.

உணவு: பப்படம் இரண்டு, புட்டு இரண்டு, பயறு இரண்டு.

செப்டம்பர் 25, வெள்ளி. 08:40

பப்படம் உணவு நேரத்தில் ஐந்து முறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. நானே எண்ணினேன். ஆக்சோலாட்டுக்கு நுரையீரலும் உண்டு. எப்போதாவது மேலே வருவது இயல்பு. இது இயல்பு அல்ல.

இரண்டாவது பம்பு வைத்தேன். தண்ணீரைப் பதினைந்து டிகிரிக்குக் குளிர்வித்தேன், குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால். மாற்றமில்லை. புட்டு புழுவைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஆக்சிஜனை அளக்கும் கையளவி இருந்தால் தண்ணீரையும் காற்றையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். குடியிருப்பில் ஒன்பது இருந்தன. ஆகஸ்ட் கப்பலில் எல்லாமே கீழே போய்விட்டன, விண்வெளி உடைகளில் இருந்தவையும் சேர்த்து. அளவுத் திருத்தம் செய்ய வேண்டும் என்று அத்தான் கேட்டார். பஞ்சு சுற்றி நான்தான் பெட்டியில் அடுக்கினேன்.

எனக்கும் சில நாளாகத் தலைவலி. பயிர்க்கூட ஏணியில் ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. பூமியில் ஏறும் எடையில் ஆறில் ஒரு பங்கு எடையோடு ஏறுபவள் நான். காலையில் அத்தானிடம் சொன்னேன்.

"ரத்தம் கொறஞ்சிருக்கும். முருங்கப்பொடி அனுப்பியிருந்தோம்லா, கஞ்சியில போட்டுக் குடி. ஒங்க அக்காகிட்ட சொன்னா அவ அழுவா. நான் சொல்லல."
"சொல்ல வேண்டாம் அத்தான்."
"ஆக்சிஜன் இருவது புள்ளி ஒம்பது."
"இருபது புள்ளி ஒன்பது. சரி."

கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னேன். அப்போது திரையைப் பார்த்தேன். இருபது புள்ளி ஒன்பது என்றுதான் இருந்தது.

அக்டோபர் 5, திங்கள். 16:30

உறுதியானது: கோளாறு தொட்டியில் இல்லை, வீட்டுக் காற்றில் இருக்கிறது. ஆதாரம்: கீழே உள்ள சோதனை.

பம்பு தண்ணீருக்குள் அனுப்புவது இந்த வீட்டின் காற்றைத்தான். காற்றே மோசமாக இருந்தால் எத்தனை பம்பு வைத்தும் பயனில்லை. இது எனக்குத் தோன்ற இத்தனை நாளானது. சுவரில் எண் சரியாக இருந்தது. கீழே அத்தான் படித்த எண்ணும் அதேதான். இரண்டும் ஒத்துப்போனதால் மூன்றாவதாக ஒன்றை நான் தேடவில்லை.

இன்று காலை ஒரு விண்வெளி உடையின் ஆக்சிஜன் குப்பியைக் கழற்றி, அதன் குழாயைப் பம்பின் இடத்தில் மாட்டினேன். தண்ணீர், வெப்பம், வெளிச்சம் எதையும் மாற்றவில்லை. மதியத்துக்குள் மூன்றும் மேலே வருவதை நிறுத்திவிட்டன. புட்டு தரையில் படுத்தபடி புழுவைப் பார்த்துத் தலையைத் திருப்பியது; கிடுக்கியோடு சேர்த்து இழுத்தது. குப்பியை மூடிப் பழைய பம்பை மாட்டினேன். மாலைக்குள் பப்படம் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தது.

பிறகு குப்பியின் குழாயை என் மூக்கருகே வைத்துச் சில நிமிடம் மூச்சு விட்டேன். தலைவலி விலகியது.

அக்டோபர் 6, செவ்வாய். 11:15

ஆறு மணிப் பதிவில் அத்தானிடம் எதுவும் கேட்கவில்லை. வாரியம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கேள்வியை வைத்து அவரை மாட்டிவிட வேண்டாம் என்று நினைத்தேன். குடும்பம். பத்து மணிக்குத் தனியாக அழைத்தேன். அந்த உரையாடலைச் சுருக்காமல் தருகிறேன்.

"அத்தான், வீட்டுக்க காத்துல உண்மையா எவ்வளவு இருக்கு?"
"என்ன கேள்வி இது. திரையில இருக்குல்லா."
"திரைய விடுங்க. நான் குப்பிய வச்சு பாத்தாச்சு. பப்படத்துக்க செவுளு ரெண்டு மடங்கா வளந்து நிக்கி."
"ஒரு பல்லிய வச்சா எனக்கு கணக்கு சொல்லுத?"
"ஆமா."

குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது:

"பதினாறு. நேத்து பதினாறே கால்."
"எப்ப இருந்து?"
"ஆகஸ்டுல ஒரு ஆக்சிஜன் இயந்திரம் நின்னுட்டு. கப்பல் புறப்பட ரெண்டு நாள் இருக்கும்ப. மத்தது ஓடுது, ஆனா முழுசா ஓடல."
"அதுக்கா கையளவிய எல்லாம் கீழ வாங்குனீங்க?"
"நீ பயந்துருவ பிள்ளே. பயந்தா மூச்சு ஜாஸ்தி எடுப்ப."
"திரைய யாரு மாத்துனது?"
"அது நான் மட்டும் எடுத்த முடிவு இல்ல."
"யாரு மாத்துனதுன்னு கேட்டேன் அத்தான்."
"நான்தான். கேளு, பதினெட்டுக்கு கீழ போச்சுன்னா மீட்புக் கப்பல் விடணும்னு சட்டம். விட்டா குடியிருப்புக்க உரிமம் போச்சு. அந்த இயந்திரத்துக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்து போட்டவன் நான். எனக்கும் ரெண்டு பிள்ளைகள் உண்டு. ஒனக்கு தெரியாததா?"
"கப்பல் இருபத்தெட்டாம் தேதி வருதா?"
"பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."
"வருதா?"
"தேதி இன்னும் போடல."

ஆகஸ்டில் தெரசம்மாளும் நானும் ஒரே கப்பலில் இறங்கியிருக்கலாம். இயந்திரம் நின்றது தெரிந்த பிறகுதான் அத்தான் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார். 'வேற ஆள நம்ப முடியாது ஞானம், நம்ம ஆளு ஒண்ணு இருக்கட்டும்' என்றார். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். இப்போதுதான் புரிகிறது. கேள்வி கேட்காத ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

முருங்கைப்பொடி டப்பாவைக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். புழுக்கள் தின்னட்டும்.

அக்டோபர் 7, புதன். 06:20

ஆறு மணிப் பதிவில் வாரியத்திடம் நேரடியாகச் சொன்னேன். சொன்னது இதுதான்: "இந்த எண் பொய். நான் இதை அளக்கவில்லை. வீட்டின் ஆக்சிஜன் பதினாறு. மீட்புக் கப்பல் வேண்டும்."

வெளியே போகும் ஒலியைக் கேட்க வானொலி மேசையில் ஒரு காதொலிப்பான் உண்டு. யாரும் போட்டுக்கொள்வதில்லை. இன்று போட்டிருந்தேன். நான் 'பொய்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் கேட்டது வேறு.

"இருபது புள்ளி ஒன்பது. சரி."

என் குரல். பின்னணியில் கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம். இன்று நான் கஞ்சி வைக்கவில்லை.

மூன்று முறை திரும்பத் திரும்பக் கத்தினேன். இணைப்பு முடிந்துவிட்டது. வாரியத்தின் பதிவில் இன்று காலை நான் நலமாக இருக்கிறேன்.

என் வாயால் நான் சொன்ன சொற்கள்தான். ஒவ்வொரு காலையும் அத்தான் சேகரித்திருக்கிறார்.

அக்டோபர் 8, வியாழன். 14:00

இரண்டாவது ஆக்சிஜன் இயந்திரம் காலை ஒன்பது மணி அளவில் நின்றது. ஆதாரம்: தரையில் காலை வைத்தால் எப்போதும் தெரியும் அதிர்வு இல்லை. நின்றது உறுதி. தானாக நின்றதா, நிறுத்தினார்களா என்பது உறுதியாகவில்லை. அத்தானை அழைத்தேன். வேறொரு குரல் எடுத்து, அவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னது.

குப்பியிலிருந்து விடும் ஆக்சிஜன் வீடு முழுக்கப் பரவி வீணாகாமலிருக்க, மற்ற அறைகளின் கதவுகளை அடைத்துவிட்டுத் தொட்டி இருக்கும் அறைக்கு வந்துவிட்டேன். கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் போதுமான அளவு இருக்கின்றன. ஆக்சிஜன் குப்பிகள் இரண்டு. ஒன்றைச் சோதனைக்குச் செலவழித்ததில் பாதிதான் மீதி. தொட்டிக்கு இனி குப்பி கிடையாது. தண்ணீரை இன்னும் குளிர்வித்திருக்கிறேன். அவை தாங்கும். அவற்றுக்குச் செவுள் வளரும்.

யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. தரைக் கட்டுப்பாட்டு அறையைத் தொடாமல் இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் ஒரே வழி தொட்டியின் கேமரா. படம் எடுக்க அதற்கு உணவு விழ வேண்டும்.

அக்டோபர் 9, வெள்ளி. 10:50

உணவுப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினேன்: 'காற்று இல்லை. எண் பொய். குரல் பதிவு. வாரியத்துக்குச் சொல்.' தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். கேமராவுக்கும் அட்டைக்கும் நடுவில் தண்ணீரும் மூன்று ஆக்சோலாட்களும்.

முதல் புழு. விழுந்ததும் பச்சை விளக்கு எரிந்தது, படம் போய்விட்டது என்று பொருள். ஆனால் அந்த நொடியில் புட்டு அட்டையின் முன்னால் நீந்திக்கொண்டிருந்தது. எந்தச் சொல்லை மறைத்தது என்று எனக்குத் தெரியாது. எடுத்த படத்தை இங்கே பார்க்க வழியில்லை.

இரண்டாவது புழு. மூன்றும் விலகி இருக்கும் நேரம் பார்த்துப் போட்டேன். பச்சை விளக்கு. தின்ன யாரும் வரவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் பசி முதலில் போகும். புழுவை உறிஞ்சு குழலால் வெளியே எடுத்தேன். அதைத் தண்ணீரில் விட்டால் அழுகும்; அழுகினால் இருக்கும் ஆக்சிஜனும் போகும். நான் போடும் ஒவ்வொரு துண்டும் அவற்றின் மூச்சில் கை வைக்கிறது என்பது தெரிந்தே போடுகிறேன்.

மூன்றாவதுக்கு அட்டையை எடுத்துவிட்டேன். பப்படத்தைக் கையால் மெல்ல நகர்த்திக் கேமராவுக்கு நேரே கொண்டுவந்தேன். எழுத்து மங்கினாலும் செவுள் தெரியும். தெரசம்மாள் எழுத்தைவிடப் பப்படத்தைத்தான் முதலில் பார்ப்பார். புழு. பச்சை விளக்கு.

குழாயை மூக்கில் வைத்து இருபது மூச்சு. மூடினேன்.

அக்டோபர் 10, சனி. நேரம் மாலை என்று நினைக்கிறேன்

இன்று பேச்சு வந்தது. நான் அழைக்கவில்லை. அத்தான்தான்.

"ஞானம். தொட்டிக்கு ஒரு கேமரா உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சொல்லவே இல்லியே நீ."

நான் பேசவில்லை. மூச்சைச் செலவழிக்க வேண்டாம்.

"ஒனக்கு மேலுக்கு சரியில்லன்னு அக்காட்ட சொல்லியிருக்கு. அவ ஜெபத்துக்கு போயிருக்கா. நீ படுத்து தூங்கு பிள்ளே. தூங்குனா ஒண்ணும் தெரியாது."

பிள்ளே என்றார். அக்கா கல்யாணத்திலிருந்து என்னை அப்படித்தான்

குப்பி ஒன்று தீர்ந்தது. இரண்டாவதில் முள் அடிக்கு வந்துவிட்டது. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

அவர் பேசிய பிறகு நான்காவது புழு போட்டேன். அட்டையைத் திரும்ப ஒட்டி. விளக்கு சிவப்பு. இன்னொரு துண்டு. சிவப்பு. வழியை அடைத்துவிட்டார்கள். அடைத்தது நேற்றைய மூன்றும் கல்லூரியைச் சேர்ந்த பிறகா, அங்கிருந்து அவற்றையும் எடுக்க முடியுமா, தெரியவில்லை.

பயறு நான்காவது புழுவைத் தின்றது. இந்த நேரத்தில். மடையன். தண்ணீரில் விழுந்த மற்றதை எடுத்துவிட்டேன். மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. பார்த்தேன்.

குளிர். குளிரூட்டியை இனி நிறுத்த மாட்டேன், அவற்றுக்கு வேண்டும்

உறுதியானவை. மூன்று படங்கள் வெள்ளிக்கிழமை புறப்பட்டன. ஆதாரம், பச்சை விளக்கு, என் கண். வீட்டில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதற்கு ஆதாரம் இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு அது இருபது புள்ளி ஒன்பது என்று என் குரல் சொல்லும். கரண்டிச் சத்தம் கேட்டால் அது நான் இல்லை.

நிலுவையில் இருப்பது. தெரசம்மாள் படங்களைப் பார்த்தாரா என்பது. செல்போன் அவர் கைக்கு வருவது நாளை, ஞாயிறு, மதியம் ஒரு மணிக்கு மேல்.